காலிமுகத்திடலில் ஒரு திருக்கை வால்

உதயதேவி ரயிலில் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வருவதென்றால் பகலில் பெரும்பகுதி உட்கார்ந்தே கழியும். கோட்டையில் இறங்கியபோது முழங்கால்கள் இரண்டும் பூட்டிக்கொண்டிருந்தன. நேரே பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு, பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். நடந்தால் கால் இளகும் என்று காலிமுகத்திடல் பக்கம் திரும்பினேன். முதுகில் பை, கையில் தயிர்ச் சட்டி.

ஆகஸ்ட் மாதம். திடல் முழுக்கப் பட்டங்கள். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து முகத்தில் அறைந்தது. இதே காற்றுத்தான் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு எங்கள் ஊருக்கு வரும்போது தொண்டையைக் காயவைக்கும் கச்சானாகிவிடுகிறது. (இங்கே கச்சான் என்று கேட்டால் கடலைச் சுருளைத்தான் நீட்டுவார்கள்.)

கடலோரம் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக நின்றார்கள். ஒருவர் கையில் ஆளுயர வில். அதன் அடியில் சுரைக்குடுவை. யாரோ வில்லுப்பாட்டுக்காரர் என்று நினைத்துக் கிட்டப் போனேன். குச்சியால் ஒற்றைக் கம்பியைத் தட்டத் தட்ட, நடுவில் இரண்டு பேர் ஒருவரையொருவர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய கால் வீசி வரும்போது மற்றவர் அதற்கு அடியில் மடிந்து போய்விடுவார். கால் எங்கும் படவில்லை. எனக்குத்தான் மூச்சு நின்றுபோயிற்று.

கபோயிரா. பிரேசிலில் ஆபிரிக்க அடிமைகளிடமிருந்து பிறந்த சண்டைக்கலை. அடிமைமுறையை 1888இல் ஒழித்த அதே நாடு 1890இல் இதைத் தண்டனைச் சட்டத்தில் குற்றமாக்கியது. 1932இல் மெஸ்திரி (ஆசான்) பிம்பா சால்வடோர் நகரில் இதற்கென்று ஒரு பயிற்சிக்கூடம் திறந்தார். 2014இல் இந்த வட்டத்தை யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச்செல்வமாகப் பட்டியலிட்டது. உதையும் வீச்சும் நிறைந்ததானாலும் போர்த்துக்கேய மொழியில் இதற்கு வரும் வினை ‘ஜோகார்’, விளையாடுதல். நமக்கு ஒரு படி மேல்: பந்தும் ஆடுகிறோம், கூத்தும் ஆடுகிறோம், ஒரே சொல். வட்டக்களரியில் விடியவிடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த வட்டமும் அந்நியமாகப் படவில்லை.

நான் நின்ற நிலையைப் பார்த்து, கொட்டாஞ்சேனைத் தம்பி ஒருவர், “அண்ணா, சட்டியை வைத்துவிட்டு வாருங்கள்” என்றார். முதல் பாடம் ‘ஜிங்கா’: ஓயாத அசைவு, ஒரு கால் பின்னே போகும், பிறகு மற்றக் கால். இடையில் கால்களை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி நிற்கும் நிலை ஒன்று உண்டு. அதன் பெயர் ‘கதேய்ரா’ என்றார். கதிரை! போர்த்துக்கேயர் நமக்கு விட்டுப்போன அதே சொல். காலையிலிருந்து கதிரையில் கிடந்து வந்தவனுக்கு மறுபடியும் கதிரை. இந்த முறை கதிரை இல்லாமல்.

பிறகு என்னை வட்டத்துக்குள் விட்டார்கள். எதிரே பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிங்களச் சிறுமி. என் சிங்களம் விலை கேட்கும் அளவுக்குத்தான் வரும். அவள் கையை நிலத்தில் ஊன்றித் திரும்பினாள். பின்னங்கால் வளைந்து என் தலையை நோக்கி வந்தது. ‘திருக்கை வால்’ என்றுதான் அந்த வீச்சுக்குப் பிரேசில்காரர் பெயர் வைத்திருக்கிறார்கள். வாவியும் கடலும் சூழ்ந்த ஊர்க்காரனுக்குத் திருக்கை வாலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா? சிறுவயதில் அந்தப் பெயரைச் சொல்லியே எங்களை அடக்கி வைத்தார்கள். தானாகக் குனிந்தேன்.

அவள் சிரித்தாள். அடுத்த வீச்சை இன்னும் மெதுவாக அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். குனிவது மட்டும் பதிலாகாது, நானும் ஏதாவது கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. தயங்கித் தயங்கி ஒரு காலை நீட்டினேன். அதற்கு அடியில் அவள் கரணம் போட்டு மறுபுறம் எழுந்தாள். அந்தக் கரணத்தைக்கூடக் காற்றுக்கு எதிராகப் போடவில்லை. காற்று ஓங்கும் கணம் பார்த்து அதன் போக்கிலேயே சாய்ந்தாள். நானோ காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சும்மா விட்டபோது பின்னே போகும் காலை அதுவே தள்ளிக் கொடுத்தது.

இரண்டு மூன்று சுற்று நன்றாகப் போயிற்று. பிறகு அவள் சட்டென்று வானத்தைப் பார்த்தாள். பட்டம் அறுந்துவிட்டதோ என்று நானும் பார்த்தேன். முழங்காலுக்குப் பின்னால் பெருவிரல் ஒன்று மெல்லத் தட்டியது. புல்லில் குந்தினேன்.

“ஆயெத், மாமா” என்றாள், மறுபடியும் வரும்படி. மாமா மட்டும் இரு மொழியிலும் மாமாதான்.

இந்தத் திடலில் ஒரு கல் இருக்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த கடலோர நடைபாதையை, கொழும்பின் சீமாட்டிகளுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் பேணும்படி தனக்குப் பின் வருவோரை அதில் கேட்டிருக்கிறார். நடுவயது மாமாக்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்று மறுபடியும் வட்டத்துக்குள் போய், மொத்தம் ஏழு தடவை விழுந்தேன்.

இருட்டிய பிறகு பெரியம்மா கதவைத் திறந்தார். முதலில் தயிர்ச் சட்டியை வாங்கி விரிசல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். பிறகே காற்சட்டையில் இருந்த புல்லும் மண்ணும் கண்ணில் பட்டன. வாயால் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை. கூடத்தின் நடுவில் காலை அகட்டி இடுப்பைத் தாழ்த்திக் காட்டினேன். முழங்கால் ‘டக்’கென்றது.

“முதலில் கதிரையில் இரு” என்றார் பெரியம்மா.