புரொஜெக்டர் அறையிலிருந்து பார்த்த காமினி

மலையகத்தில் ஒரு தியேட்டரில் பல வருடம் ஒப்பரேட்டராக இருந்தேன். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து விநியோகத்தைக் கையில் எடுத்த பிறகு, எங்கள் திரையில் சிங்களப் படங்கள்தான் அதிகம் ஓடின. எனக்குச் சிங்கள சினிமாவையும், அதன் பெரிய நட்சத்திரமான காமினி பொன்சேகாவையும் படிப்பித்தது அந்த புரொஜெக்டர் அறைதான்.

இரண்டு மெஷின்கள், கார்பன் குச்சி எரியும் வெளிச்சம், வியர்வை. 2,000 அடி ரீல் ஒன்று இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். முடியப்போகும் நேரத்தில் திரையின் வலது மூலையில் ஒரு புள்ளி மின்னும். உடனே அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். சில வினாடிகளில் இரண்டாவது புள்ளி. அப்போது மாற்ற வேண்டும். அதனால் ஒப்பரேட்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. ஒரே படத்தை நாளுக்கு மூன்று காட்சி பார்த்தால், நடிகரின் பொய்யெல்லாம் இரண்டாம் நாளே தெரிந்துவிடும். காமினி பொன்சேகாவிடம் மட்டும் எனக்கு அது நடக்கவில்லை.

எனக்கு வேலை பழக்கிய சிங்கள ஒப்பரேட்டர் அய்யே (அண்ணன்) ஒருவர் அடிக்கடி சொல்வார்: "மல்லி (தம்பி), இந்த மனுசனுக்கு கமரா எங்கே இருக்கிறதென்று தெரியும்." உண்மைதான். தெஹிவளையில் 1936இல் பிறந்து, கல்கிசை புனித தோமையர் கல்லூரியில் படித்த காமினி, நடிகராக ஆசைப்பட்டு வந்தவரல்ல. இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' படத்தில் கமராவுக்குப் பின்னால் நின்று தொழில் படித்தார். கித்துல்கலையில் ஆங்கில இயக்குநர் டேவிட் லீன் 'குவாய் நதிப் பாலம்' எடுத்தபோது அங்கும் உதவியாளராக இருந்தார். நடிக்க வந்தது அப்புறம்தான். ஃபிரேமுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது, எந்த லென்ஸுக்கு எவ்வளவு அசைவு போதும் என்ற கணக்கு அவர் உடம்பிலேயே இருந்தது.

'சண்டியா' (1965) போட்டால் கலரி கிழியும். சண்டைக்கு விசிலடித்த அதே ஆட்கள் 'நிதானய' (1972) பார்க்க வந்து தடுமாறியதையும் பார்த்திருக்கிறேன். அதில் அவர் வில்லி அபேநாயக்க. கழுத்தில் நான்கு கரும் மச்சம் உள்ள பெண்ணைப் பலி கொடுத்தால் புதையல் கிடைக்கும் என்று நம்பி, அப்படியொருத்தியைத் தேடிக் கல்யாணம் கட்டுகிறவன். அந்தப் பெண்ணாக நடித்த மாலினி பொன்சேகாவைப் பார்க்கும்போது அந்தக் கண்ணில் ஆசையும் கணக்கும் சேர்ந்தே இருக்கும். எத்தனை தடவை ஓட்டியும், எந்த இடத்தில் ஒன்று மற்றதாக மாறுகிறது என்று என்னால் பிடிக்க முடியவில்லை. (காமினியும் மாலினியும் உறவினர் அல்ல, பெயர்தான் ஒன்று.) வெனிஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்ற படம் அது. 1997இல் சிங்கள சினிமாவின் ஐம்பது வருடங்களில் சிறந்ததாகவும் அதையே தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் நான் அதிகம் நினைப்பது 1979இல் வந்த 'சருங்கலே'யைத்தான். சுனில் ஆரியரத்ன இயக்கியது. காமினி அதில் நடராஜா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் தமிழ் கிளார்க். ரீல் பெட்டி வந்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தமிழன் என்றால் கொச்சைச் சிங்களம் பேசிச் சிரிப்பு மூட்டுகிறவன் என்று பார்த்துப் பழகியிருந்தோம். இவர் அப்படிச் செய்யவில்லை. தமிழும் பேசினார், கேலி இல்லாமல் பேசினார். தனியாக வாழும் உத்தியோகத்தன் ஒருவனின் அடக்கம், ஊர் நினைப்பு, சாதி என்ற பாரம், எல்லாவற்றையும் நடையிலேயே காட்டினார். நாட்டின் முதல் நட்சத்திரம் எங்களில் ஒருவனாக நடிக்க இவ்வளவு சிரத்தை எடுத்திருக்கிறாரே என்று எனக்கு நெஞ்சு அடைத்தது.

கடைசியில் நடராஜா கலவரத்துக்குப் பலியாகிறான். காட்சி முடிந்து வெளியே வந்த ஒரு சிங்களப் பெரியவர் அய்யேயைப் பிடித்துக்கொண்டு, "காமினியை ஏன் சாகக் கொடுத்தார்கள்?" என்று கோபமாகக் கேட்டார். நடராஜாவை என்று அவர் சொல்லவில்லை. ஒரு தமிழ் கிளார்க்கின் சாவுக்கு அந்த மனிதரைக் கோபப்பட வைத்தது காமினியின் முகம். நட்சத்திரமாக இருப்பதால் செய்யக்கூடிய பெரிய காரியம் இதுதான் என்பது என் எண்ணம்.

நான்கே வருடத்தில் 1983 வந்தது, தமிழருக்கு எதிரான ஜூலைக் கலவரம். ஹெந்தளையில் படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவை எரித்தார்கள். ஏராளமான நெகட்டிவ்கள் சாம்பலாகின. காமினி நடித்த 'சந்தேசய'வைத் தயாரித்தவரே அந்தத் தமிழர்தான். ஃபிலிம் சுருளைக் கையாண்டவர்களுக்குத்தான் அந்த இழப்பின் கனம் முழுதாகத் தெரியும்.

அப்புறம் காமினி அரசியலுக்குப் போனார். பாராளுமன்றத்தில் பிரதிச் சபாநாயகர், 1995இலிருந்து 1998 வரை வடகிழக்கு மாகாண ஆளுநர். 2004 செப்டம்பர் 30இல் காலமானார்.

பேரப்பிள்ளைகள் எந்தப் படத்தில் தொடங்குவது என்று கேட்டால், 'வெலிகதர'வைப் பாருங்கள் என்பேன். சினிமாஸ்கோப்பில், அதாவது அகலத்திரையில், வந்த முதல் சிங்களப் படம். நடிகர் ஜோ அபேவிக்ரம எதிரே நிற்க, உள்ளுக்குள் உடைந்துகொண்டே போகும் பொலிஸ் அதிகாரியாக காமினி. 'சருங்கலே'யை அதற்குப் பிறகு, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது போடச் சொல்வேன்.