டயலின் அடியில் ஒரு பொடி எண்

என் எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு, ஸ்மித்ஸ் நிறுவனத்தின் பழைய ஸ்பீடோமீட்டர் கிடைத்ததும் முதலில் தேடியது டயலில் அச்சிட்ட பொடி எண்ணைத்தான். 1280 என்றிருந்தால், கியர்பாக்ஸிலிருந்து வந்து மீட்டரைச் சுழற்றும் கேபிள் ஒரு மைலுக்கு 1280 சுற்று சுற்ற வேண்டும். டயலின் அழகெல்லாம் அப்புறம்தான்.

கேபிளை மீட்டரிலிருந்து கழற்றி, உள்கம்பி முனையில் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகினேன். கியரை நியூட்ரலில் வைத்து, காரை 52.8 அடி, அதாவது மைலில் நூறில் ஒரு பங்கு, நேராகத் தள்ளினேன். அட்டை 12.8 சுற்றை ஒட்டி நின்றது. சரி, பொருத்தம்தான்.

பொருந்தாவிட்டால் முள்ளை மட்டும் திருத்துவது எனக்குப் பிடிக்காத வேலை. முள்ளை நகர்த்துவது காந்தமும் மெல்லிய சுருள்வில்லும், அதைச் சரிக்கட்டிவிடலாம். ஓடிய தூரத்தை எண்ணுவதோ பல்சக்கரம். அது தப்பாகவே எண்ணிக்கொண்டிருக்கும்.

மாட்டியதும் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டு ஓட்டினேன். முள் ஆடாமல் ஏறுகிறது.