காலை எட்டு மணி கார்டிசால்

தைராய்டு மாத்திரை சாப்பிட ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. ஆன்ட்டி டி.பி.ஓ. என்ற, தைராய்டைத் தாக்கும் ஆன்ட்டிபாடி எகிறியிருந்ததால் ஹாஷிமோட்டோ, அதாவது உடம்பே தன் தைராய்டைத் தாக்கும் நோய் என்று சொல்லி, 75 மைக்ரோகிராமில் நிறுத்தியிருந்தார்கள். மாத்திரை போதுமா என்று காட்டும் டி.எஸ்.எச். அளவாகத்தான் இருந்தது. ஆனால் போன மழைக்காலத்திலிருந்து உடம்பு நம் பேச்சைக் கேட்கவில்லை. மாடி ஏறினால் கால் துவளும், உட்கார்ந்து எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வரும், எடையும் தானாக இறங்கியது. கூடவே உப்பு மேல் ஒரு வெறி. நார்த்தங்காய் ஊறுகாயைச் சோறே இல்லாமல் தின்பதைப் பார்த்துவிட்டு மாமியார், "ஏம்மா, வாயும் வயிறுமா இருக்கியா?" என்று கேட்டார். எனக்கு வயது 43.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். "தைராய்டு இருந்தா அசதி இருக்கத்தான் செய்யும், மாத்திரையை 100 ஆக்கிடலாம்" என்றார்கள். சீட்டை வாங்கிக்கொண்டேனே தவிர, டி.எஸ்.எச். சரியாக இருக்கும்போது எதற்கு ஏற்ற வேண்டும் என்பது புரியவில்லை. பாண்டியில் ஒரு எண்டோகிரைனாலஜிஸ்ட்டை, அதாவது ஹார்மோன் மருத்துவரைப் பார்க்கப் போனேன்.

அந்த மேடம் முதலில் சொன்னதே, "100 வேண்டாம், இப்போதைக்கு 75லேயே இருங்க" என்பதுதான். மாத்திரையில் இருக்கும் தைராக்ஸின் கூடினால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி சுரக்கிற கார்டிசால் என்ற ஹார்மோனை உடம்பு சீக்கிரம் கரைத்துவிடுமாம். அந்தச் சுரப்பி ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தால், அந்த ஏற்றிய டோஸே ஆளைக் கவிழ்த்துவிடும். தன் தைராய்டைத் தானே தாக்கும் உடம்பு, அபூர்வமாக அட்ரினலையும் தாக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை ஷ்மிட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1926லேயே எழுதியிருக்கிறார்.

அடுத்து என்னைப் படுக்கவைத்து பி.பி. பார்த்தார், பிறகு நிற்கவைத்து மூன்று நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தார். நின்றதும் மேல் அளவு 20 குறைந்தால் கவனிக்க வேண்டிய விஷயம்; எனக்கு 14 குறைந்தது. உள்ளங்கை ரேகை, முட்டியில் பழைய தழும்பு, ஈறு, உதட்டின் உட்புறம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்தார். அட்ரினல் கெட்டால் தோல் கருக்கும் என்று படித்திருந்தேன். கடலூர் வெயிலில் யார்தான் கருக்கவில்லை? அதை அவரிடமே கேட்டேன். சிரித்துவிட்டு, "அதனாலதாம்மா வெயில் படாத இடமாப் பார்க்கிறேன். நம்ம ஆளுங்களுக்கு ஈறு கருப்பா இருக்கிறது சகஜம். புதுசா கருத்திருக்கான்னுதான் பார்க்கணும். பழைய போட்டோ இருக்கா?" என்றார். போனில் இருந்த நாத்தனார் கல்யாணப் படத்தைப் பெரிதாக்கி என் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

வீட்டில் யாருக்காவது டி.பி. வந்திருக்கிறதா என்றும் கேட்டார். நம் நாட்டில் அட்ரினல் கெடக் காசநோயும் ஒரு காரணம். பிறகு மருந்து விசாரணை: இன்ஹேலர், மூக்கு ஸ்ப்ரே, தோல் க்ரீம், மூட்டு வலிக்குப் போட்ட ஊசி, லேபிள் இல்லாத பொடி. இவற்றில் ஸ்டீராய்டு இருந்தால் அட்ரினல் தூங்கிவிடும், ரிப்போர்ட்டும் குழப்பும். எனக்கு எதுவும் இல்லை. முடி கொட்டுவதற்குச் சாப்பிட்டுவந்த பயோட்டினை மட்டும் சோதனைக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொன்னார். அது தைராய்டு, கார்டிசால் இரண்டின் எண்ணையும் தப்பாகக் காட்டக்கூடும். தைராய்டு உள்ள பெண்கள் பலர் முடிக்காக இதைச் சாப்பிடுகிறோம், என்னை எந்த லேபிலும் யாரும் கேட்டதில்லை.

எழுதிக் கொடுத்தது சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டுவது), கார்டிசால், ஏ.சி.டி.எச். (அட்ரினலைத் தூண்டும் ஹார்மோன்). கடலூரில் ஒரு லேபில் விசாரித்தால், "கார்டிசாலா? எப்ப வேணா வாங்க, சாப்பிட்டுட்டும் வரலாம்" என்றார்கள். விடியலில் ஏறி நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்குகிற ஹார்மோன் அது. மதியம் எடுத்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் பாண்டியிலேயே எடுக்க முடிவு செய்து, இருட்டோடு திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறினேன். எட்டு மணிக்கு ரத்தம் எடுத்த பையன், ஏ.சி.டி.எச்.சுக்கான ஊதா மூடிக் குழாயை உடனே தெர்மாகோல் பெட்டியில் ஐஸுக்குள் சொருகினான். வெளியே வைத்தால் அந்த ஹார்மோன் சிதைந்து அளவு குறைவாகக் காட்டிவிடுமாம். ஐஸ் இல்லாத லேபில் இந்தச் சோதனைக்குக் கை நீட்டாதீர்கள்.

கார்டிசால் டெசிலிட்டருக்கு 8.6 மைக்ரோகிராம் வந்தது. 3க்குக் கீழே என்றால் கோளாறு ஏறக்குறைய உறுதி, 15க்கு மேலே என்றால் பெரும்பாலும் பயமில்லை. நான் நட்டநடுவில். ஏ.சி.டி.எச்., சோடியம், பொட்டாசியம் எல்லாம் அளவுக்குள் இருந்தன. அந்த வாரம் முழுக்கச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் 'அட்ரினல் சோர்வு'க்கு எச்சில் சோதனை, மூலிகை கேப்ஸ்யூல் என்று அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அப்படி ஒரு நோயே மருத்துவத்தில் கிடையாது என்று மேடம் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நடுவில் நிற்பவர்களுக்குத் தூண்டல் சோதனை. ஏ.சி.டி.எச். ஊசி போட்டு, அட்ரினல் எழுந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பது. வெளிநாட்டில் இதற்குப் பயன்படுத்தும் சினாக்தென் என்ற ஊசி இங்கே எளிதில் கிடைப்பதில்லை. ஆக்டான் ப்ரொலாங்கேட்டம் என்ற ஊசியை வைத்துச் செய்கிறார்கள். அதற்கும் இரண்டு மெடிக்கல் ஷாப்பில் கையை விரித்து, மூன்றாவதில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். தசையில் ஊசி, ஒரு மணி நேரம் காத்திருப்பு, மறுபடி ரத்தம். ஊசியை விட பசிதான் பெரிய தொந்தரவு.

இந்த முறை கார்டிசால் 23 வந்தது. 18ஐத் தாண்டினால் போதும். அட்ரினல் நன்றாக இருக்கிறது.

சந்தோஷத்தோடு கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது, பொய் சொல்வானேன். ஒரு பெயர் கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். கிடைத்தது வேறொன்று: ஃபெரிட்டின் 7, ரொம்பக் குறைவு. மாதாமாதம் போகிற ரத்தப்போக்கை வயதுக் கோளாறு என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு இப்போது தனியாகப் பார்க்கிறேன். உப்பு ஆசைக்கு மட்டும் மேடமும் காரணம் சொல்லவில்லை. காரணமில்லாத வாந்தி, எடைக் குறைவு, மயக்கம், தோல் கருப்பு வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் வரச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு நன்றாக இருக்கிற அட்ரினல் என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாதாம்.

இரும்பு மாத்திரையைத் தைராக்ஸினோடு சேர்த்துப் போட்டால் தைராக்ஸின் உடம்பில் சரியாக ஏறாது, நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எனவே தைராய்டு மாத்திரை விடிந்ததும், இரும்பு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்.