பனியோடு அறுத்த நெல்லும் நாற்பது பக்க நோட்டும்

போன தை மாதம் காலை ஏழு மணிக்கு நான் எடுத்த ஒரு முடிவை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஒன்பது மா நஞ்சை. சம்பா அறுவடை நேரம். பக்கத்து வயலில் நெல் அறுக்கும் பெல்ட் வண்டி நின்றது. "இப்போது விட்டால் இனி வெள்ளிக்கிழமைதான், தங்கச்சி" என்றார் வண்டித் தரகர். கதிரில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. "இறக்குங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 21 சதவீதம் காட்டியது. வரம்பு 17. "காயவைத்துக் கொண்டுவாருங்கள்" என்ற எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று நாள் சாலையில் கொட்டிக் கிளறி, இரவெல்லாம் தார்ப்பாய் போட்டுக் காத்து, மறுபடி போனால், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் நகல் வீட்டில் இருந்தது. எடுத்து வருவதற்குள் மழை. கடைசியில் வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்தோம்.

அன்று இரவுதான் ஒரு நாற்பது பக்க நோட்டில் என் முடிவுகளை எழுதத் தொடங்கினேன். முதல் இரண்டு மாதம் வீண். பங்குனியில் படித்துப் பார்த்தபோது ஒவ்வொரு பக்கத்திலும் தவறு செய்தவர் வேறு யாரோ: தரகர், எழுத்தர், மழை. நன்றாக முடிந்தவற்றில் மட்டும் நான் இருந்தேன். எல்லாவற்றையும் நடந்து முடிந்த பிறகு எழுதியதுதான் காரணம். விளைவு தெரிந்த பிறகு எழுதினால், "அப்போதே நினைத்தேன்" என்று கை தானாக எழுதிவிடும்.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் 1772-இல் தன் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் உள்ள வழியை மகள் சொன்னாள். தாளை இரண்டாகப் பிரித்து, செய்யலாம் என்பதற்கான காரணங்களை ஒரு பக்கமும் வேண்டாம் என்பதற்கானவற்றை மறுபக்கமும் எழுதி, சம எடை உள்ளவற்றை அடித்துக்கொண்டே வரவேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்கியபோது, குறுகிய கால நெல்லான குறுவை போடலாமா என்று அப்படி எழுதினேன். 'போடலாம்' பக்கம் பத்தே நிமிடத்தில் நிரம்பிவிட்டது. விதை நெல்லை முன்பே வாங்கி வைத்திருந்தேன். வேறு எப்படி நிரம்பும்? மூன்று நான்கு நாள் மனத்தில் போட்டு எழுத வேண்டும் என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் இந்த வழியால் பயனே இல்லை.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது, செய்வதற்கு முன்பே எழுதும் மூன்று வரி. எனக்கு உறுதியாகத் தெரிந்தது என்ன, எது அவசரப்படுத்துகிறது, என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன். தேதியோடு மணியையும் கட்டாயம் எழுதுங்கள். மழை என் கையில் இல்லை, பனியோடு அறுத்தது என் கையில் இருந்தது என்று பிரித்து எழுதவே எனக்கு அரை வருடம் ஆனது.

பக்கத்தை மட்டும் கிழிக்காதீர்கள். தம்பி கேட்ட கைமாற்றை ஆடியில் மறுத்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். உண்மையில் ஏன் மறுத்தேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

ஐப்பசிக்குள் 23 முடிவுகள் சேர்ந்தன. எதிரே ஒருவர் காத்து நிற்கும்போது எடுத்தவை ஒன்பது. அவற்றில் ஏழு என்னை வருந்த வைத்தவை. தரகரோ உரக்கடைக்காரரோ ஏமாற்றவில்லை. ஒருவரைக் காக்க வைக்க எனக்குத்தான் பயம்.

இந்தத் தையிலும் அதே தரகர் ஏழு மணிக்கு வந்து நின்றார். "அரை மணி கழித்துச் சொல்கிறேன், அண்ணே" என்று உள்ளே போய் மூன்று வரி எழுதினேன். அவர் காத்திருக்கவில்லை, வண்டி போய்விட்டது. இரண்டு நாள் தவிப்பு. பிறகு வேறு வண்டி கிடைத்து, வெயில் ஏறிப் பதினொரு மணிக்கு வயலில் இறங்கியது. வாடகை கொஞ்சம் கூடுதல்தான். மீட்டரில் 16.4. அடங்கல் நகல் பையிலேயே இருந்தது. எழுத்தர் மூட்டைகளை அடுக்கச் சொன்னார்.