பல் படாத வாய்

காலையில் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்த எங்கள் லாப்ரடார் நாய் பிரவுனி, வாயைத் திறக்காமல் என் முன்னால் உட்கார்ந்தாள்.

கையை நீட்டினேன். உள்ளங்கையில் மெல்ல வைத்தாள். ஒரு அணில் குட்டி.

உடம்பெல்லாம் எச்சில். ஒரு கீறல் கிடையாது. குட்டி நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

லாப்ரடாரை வளர்த்தெடுத்ததே இதற்குத்தான். வேட்டைக்காரர் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய வாத்தைத் தண்ணீரில் நீந்திப்போய்ச் சிதைக்காமல் கவ்வி வரணும். முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு மீனவர்களோடு குளிர்கடலில் கிடந்த நாய்கள். தண்ணீர் ஒட்டாத இரட்டை ரோமம் அங்கிருந்து வந்தது.

அந்த ரோமத்தோடு சென்னை வெயில்! தார் ரோடு சுடுவதற்குள், 6 மணிக்கு முன்பே நடக்கக் கூட்டிப்போய்விடுவேன். குளிப்பாட்டினால் காது மடலைத் தூக்கி ஈரம் போகத் துடைக்கணும், இல்லாவிட்டால் சீழ் பிடிக்கும்.

சாப்பாடுதான் பெரிய சோதனை. ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாருக்குப் பசியைத் தூண்டும் மரபணு மாற்றம் இருப்பதாக 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். பாவமாகப் பார்க்கிறதே என்று இட்லியைப் பிட்டுப் போடாதீர்கள், தயவுசெய்து. எடை ஏறினால் இடுப்பு மூட்டுக்குக் கேடு.

குட்டியை மதில் மேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தாய் அணில் வந்து தூக்கிப்போனது.

பிரவுனி இன்னும் அந்த மதிலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.