பாசிப்பாயை எஸ்.இ.எம்.மில் பார்க்கப் பட்ட பாடு

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். கைடு கையெழுத்து, துறைத்தலைவர் சீல், பணம் கட்டிய ரசீது எல்லாம் சேர்த்து ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் (எஸ்.இ.எம்.) படம் எடுக்கக் கருவி மையத்தில் விண்ணப்பம் கொடுத்தால், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "சாம்பிள் பவுடரா, ஃபிலிமா தம்பி?" என்றார். இரண்டும் இல்லை, உப்புக் களரில் பாய் மாதிரிப் படரும் நுண்ணுயிர் அடுக்கு, அதாவது பாசிப்பாய் என்றேன். "அப்படி ஒரு கட்டமே இதுல இல்லையே" என்று திருப்பித் தந்துவிட்டார். ஈரமில்லை, ஆபத்தில்லை என்று தனிக் கடிதம் வேண்டுமாம். எந்த அறிவிப்பிலும் அது இல்லை. கடிதத்தோடு போனால் அவர் லீவு. அதற்குள் மார்கழி முடிந்து, தொண்டிப் பக்கக் களரில் தேங்கிய மழைத்தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டது.

பருவ மாற்றத்தைப் பார்ப்பவனுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை உப்பைக் கரைத்த நிலையைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். அதனால் கருவி நேரம் (ஸ்லாட்) கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெட்டிய இடத்திலேயே, செல்களை அப்படியே நிலைநிறுத்தும் 2.5 சதவீத குளூட்டரால்டிஹைடில் போட்டுவிடுங்கள் (கையுறை முக்கியம், நச்சு). எத்தனாலின் அளவைப் படிப்படியாகக் கூட்டி நீரை எடுத்து, உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய ஜாடியில் (டெசிகேட்டர்) வைத்துவிட்டால் ஆபீஸ் எவ்வளவு இழுத்தாலும் கவலையில்லை. உயிரோடு வைத்திருக்க வேண்டிய துண்டுக்கு வீட்டு ஃப்ரிட்ஜை நம்ப வேண்டாம். அடியில் இருக்கும் கறுப்பு அடுக்கின் ஹைட்ரஜன் சல்பைடு வாடைக்கு எங்கள் வீட்டுக்கார ஆச்சி, "ஏம்ப்பா, வெஞ்சனம் வைக்கிற எடத்துல இந்த நாத்தத்தையா வைக்கிறது?" என்று வாசலுக்கே அனுப்பிவிட்டார்.

அடுத்த வம்பு, மையத்தில் கொடுத்த நெறிமுறைத் தாள். சாதாரண பாக்டீரியாவுக்கு எழுதியது அது. குளூட்டரால்டிஹைடைக் கலக்க பாஸ்பேட் பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) என்று போட்டிருக்கும். கடல் உப்பில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து மணி மணியாகப் படிந்துவிடும். படத்தில் அந்த மணிகள் அச்சு அசல் கோள வடிவ பாக்டீரியா மாதிரியே இருக்கும். ஈ.டி.எக்ஸ். (என்ன தனிமம் என்று காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) போட்டதும் கால்சியம், பாஸ்பரஸ் உச்சங்கள் எழுந்து குட்டை உடைத்தன. வடிகட்டிய அந்த இடத்து உப்புநீரிலேயே குளூட்டரால்டிஹைடு கலப்பது நல்லது. எடுத்த எடுப்பில் காய்ச்சி வடித்த நீரில் கழுவுவதும் வேண்டாம். உப்பைப் படிப்படியாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் செல்கள் வெடிக்கும்.

இன்னொன்று: எலக்ட்ரான் படத்தில் நிறம் கிடையாது. மேலே பச்சை, நடுவில் ஊதா, கீழே இரும்பு சல்பைடின் கறுப்பு என்று கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே வெறும் சாம்பல். வெட்டும்போதே மேல்பக்கத்தைக் குறித்து, அடுக்குகளைத் தனித்தனி ஸ்டப்பில் (மாதிரியைத் தாங்கும் சிறு உலோகக் கட்டை) ஒட்டுங்கள்.

மாதிரியில் மின்னூட்டம் தேங்காமல் இருக்கப் பூசும் தங்கப் பூச்சு ஒழுங்காக முடிந்தது. ஆனால் கருவியை இயக்குபவர் நானோ பவுடர் பழக்கத்தில் எலக்ட்ரான் கற்றைக்கு நேராக 20 கிலோவோல்ட் வைத்தார். படம் வெளுத்து, மெல்லிய சவ்வு கருகியது. 5 கிலோவோல்ட் கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். பாயில் தெரியும் சிலந்தி வலை போன்ற நூல்களைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். நுண்ணுயிர்கள் சுரக்கும் வழவழப்பான சளி உலரும்போது சுருங்கி அப்படி ஆகிறது.

இவ்வளவுக்கும் பிறகு வந்த படங்கள் ஆறுதல். மழைக்காலத் துண்டின் பச்சை அடுக்கில் ஒரே உறைக்குள் கத்தையாகக் கிடக்கும் மைக்ரோகோலியஸ் என்ற நீலப்பச்சைப் பாசி இழைகள், இடையிடையே டயட்டம்கள் (சிலிக்கா ஓடுள்ள ஒரு செல் பாசிகள்). சித்திரைத் துண்டில் பாதி உறைகள் காலி, மேலெல்லாம் ஜிப்சம் படிகம், கீழே தடித்த சளிக்குள் ஒடுங்கிய உருண்டைச் செல்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

படங்களை டிஃப் (TIFF) கோப்பாக, அளவுகோலோடு கேட்டு வாங்குங்கள். பென்டிரைவ் செருக விடமாட்டார்கள், சிடிதான். காரைக்குடியில் கல்லுக்கட்டிக் கடைவீதி முழுக்க அலைந்துதான் ஒரு வெற்று சிடி கிடைத்தது. இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், முதலாவதை அவர்கள் கணினி படிக்கவில்லை.