ஒன்றின் கீழ் ஒன்றாகப் பதினோரு வரைபடங்கள்

ஒரு நூற்பாலையின் மின்செலவைக் காட்டும் டாஷ்போர்டு. பக்கம் முழுக்க ரியாக்ட், வரைபடத்துக்கு டி3; இரண்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகள். தனித்தனியாக இரண்டும் எனக்குப் பழக்கம்தான். அந்தத் தைரியத்தில் பழைய டி3 கோடை அப்படியே, ரியாக்ட் பக்கத்தை வரைந்த பிறகு ஓடும் யூஸ்எஃபெக்ட்டுக்குள் ஒட்டினேன்.

ஒரே வரைபடம் இரண்டு முறை வந்து நின்றது. பக்கத்து இருக்கைப் பையன் எட்டிப் பார்த்து, "ஸ்ட்ரிக்ட் மோட் பண்ற வேலைண்ணா, எடுத்து விட்டுருங்க" என்றான். எடுத்தேன், ஒன்றானது. சரி என்று விட்டுவிட்டேன்.

2022-இல் வந்த ரியாக்ட் 18 முதல், டெவலப்மெண்டில் ஸ்ட்ரிக்ட் மோட் என்ற சோதனை முறை ஒவ்வொரு கம்பொனெண்டையும், அதாவது பக்கத்தின் ஒவ்வொரு துண்டையும், முதலில் ஒருமுறை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிப் பார்க்கும். கழற்றும்போது நாம் துடைத்துவைக்கிறோமா என்று பார்க்கத்தான் அது. நான் செய்தது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை ஒளித்து வைத்த கதை.

டெமோ அன்று அது தெரிந்தது. 30 வினாடிக்கு ஒரு ரீடிங். ஒவ்வொன்றுக்கும் எஃபெக்ட் ஓடி, டி3-யின் அப்பெண்ட் கட்டளை புதிதாக ஒரு எஸ்விஜி படத்தைச் சேர்த்துக்கொண்டே போனது. ஐந்து நிமிடத்தில் பதினொன்று. மில் மேலாளர் பொறுமையாகக் கேட்டார்: "தம்பி, நாங்க ஒரு மெஷினுக்குத்தானே கேட்டோம்?"

எஃபெக்ட் மறுபடி ஓடுமுன் துடைக்கும் கிளீனப்பில், பழைய படத்தை நீக்க ரிமூவ் போட்டேன். எண்ணிக்கை அடங்கியது. ஆனால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் அழிந்து வரைவதால், மவுஸை வைத்துப் படித்துக்கொண்டிருக்கும்போதே விவரம் காட்டும் டூல்டிப் காணாமல் போனது.

டி3 2011-இல் வந்தது, ரியாக்ட் வெளியானது 2013-இல். டி3 டாமை, அதாவது பக்கத்தின் உறுப்புகளை உலாவி அடுக்கி வைத்திருக்கும் மரத்தை, நேராகக் கையில் எடுத்து மாற்றும். ரியாக்ட்டோ தான் எழுதியது எழுதியபடியே இருக்கும் என்று நம்பும். ஓர் அடுப்பில் இரண்டு சமையல்.

கடைசியில் வேலையைப் பிரித்தேன். டி3-யின் பகுதிகளான டி3-ஸ்கேல், டி3-ஷேப் இரண்டும் கணக்கு மட்டும் போடும், டாமைத் தொடாது. டி3-ஷேப்பின் லைன் ஃபங்ஷனிடம் ரீடிங்குகளைக் கொடுத்தால், எஸ்விஜியில் கோடு வரையும் பாத் எலிமெண்ட்டுக்கான நீளமான எழுத்துச்சரம் ஒன்று திரும்பி வரும்; அதை ரியாக்ட் வாங்கி வரைந்துகொள்ளும். அச்சுகளையும் ரியாக்ட்டிலேயே எழுதலாம் என்று அரை நாள் எண்களை நகர்த்திக்கொண்டிருந்தேன். வீண். எஸ்விஜியில் உருவங்களைத் தொகுத்து வைக்கும் ஜி எலிமெண்ட் ஒன்றைக் காலியாக டி3-யிடம் விட்டால் போதும். எத்தனை முறை அழைத்தாலும் அது பழைய அச்சையே திருத்தும்.

ஸ்ட்ரிக்ட் மோடைத் திரும்பப் போட்டேன். வரைபடம் ஒன்றாகவே இருந்தது. அடுத்த முறை பார்த்த மேலாளர், இரவு ஷிஃப்ட் கோட்டுக்கு வேறு நிறம் போட முடியுமா என்று மட்டும் கேட்டார்.